வலது இருக்கையில் 64 கிலோ

ஸ்ரீரங்கம்
8 ஜூலை 2024

பெறுநர்: வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, துவாக்குடி

ஐயா,

பொருள்: தங்கள் நிறுவனத்தின் நான்கு இருக்கை விமானம், பறக்கையில் எஞ்சின் நின்றுபோவது குறித்து.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக, நிஜத்தைப் போலவே நடந்துகொள்ளும் விமானங்களைத் தாங்கள் செய்து விற்பதாக அறிகிறேன். வாங்கியவர் யார் புகார் அனுப்பினாலும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் உண்டு என்று தங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. பெற்ற தாய் எழுதிய ஆறு கடிதங்களுக்கு இரண்டு வருஷமாகப் பதில் போடாத ஒருவர்தான் அந்தப் பிரிவின் ஒரே ஊழியர் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்த வழியாக வருகிறேன்.

விமானத்தை 2021-இல் வாங்கியவர் என் கணவர், காலஞ்சென்ற யதிராஜன். நான் அவருடைய சட்டபூர்வ வாரிசு. எனவே புகார் செல்லும்.

குறை இது: அவருடைய நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் முறைப்படியே திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறேன். மலைக்கோட்டையைத் தாண்டும்வரை நன்றாகப் பறக்கிறது. காவிரிக்கு மேலே போனதும் எஞ்சின் இருமுகிறது, நின்றுவிடுகிறது. பதினொரு முறை ஆற்றில் விழுந்துவிட்டேன்.

தவிர, தங்கள் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் இருக்கும் இடத்தில் ஒரு அட்டைப் பெட்டி நிற்கிறது. அதையும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
வேதவதி யதிராஜன்
ரயில்வே அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு)


துவாக்குடி
10 ஜூலை 2024

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் புகார் 4417 என்ற எண்ணில் பதிவாகியுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

விமானம் ஒவ்வொரு முறை பறக்கும்போதும் நடந்ததையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் தானே எழுதிக்கொள்ளும். அதை எடுத்து அனுப்பும் வழியைப் படத்துடன் இணைத்துள்ளோம். அது வரும்வரை தாங்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

பதினான்கு நாட்களுக்கு எந்தப் பக்கமிருந்தும் கடிதம் இல்லாவிட்டால் புகார் தானாகவே மூடிக்கொள்ளும். பிரச்சினை தீர்ந்துவிட்டால் தாங்களே 'தீர்ந்தது' என்று குறித்தும் மூடலாம்.

ஊர்களும் கட்டடங்களும் வேறு நிறுவனத்தார் செய்வது. ராஜகோபுரம் எங்கள் பொறுப்பில் வராது.

பிரஹலாத் ய.
வாடிக்கையாளர் உதவி


ஸ்ரீரங்கம்
12 ஜூலை 2024

ஐயா,

லாக் ஃபைலை இணைத்திருக்கிறேன். தங்கள் படத்தில் மூன்றாவது அம்புக்குறி தவறான இடத்தைக் காட்டுகிறது. அடுத்தவர் தடுமாறாமல் இருக்கத் திருத்திவிடவும்.

எதையும் மாற்ற வேண்டாம் என்கிறீர்கள். நான் எதை மாற்றினேன்? அவர் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், அவர் வாங்கிய மூன்று லீவர் பெட்டி, அவர் நாற்காலி. தினம் காலையில் மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கிறேன். அவ்வளவுதான்.

நேற்று நான் பறந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஹம்ஸா புளிக்காய்ச்சல் கொண்டுவந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "என்னடி வேதா, நீயே கிளம்பிட்டியா ஜெர்மனிக்கு?" என்றாள். "காவிரியே தாண்டல" என்றேன். "பிரஹலாதன் சௌக்கியமா? அங்கே இப்போ மழையா, வெயிலா?" என்றாள். "லேசா தூறலாம்" என்றேன்.

அவளைப் பொறுத்தவரை நீ எங்கே இருக்கிறாய் என்பது உனக்கு நினைவிருக்கும். ஜெர்மனியில் நிஜ விமானத் தொழிற்சாலையில் என்ஜினீயர். இந்தப் பத்தியைப் புகாரில் சேர்க்க வேண்டாம்.

வேதவதி யதிராஜன்


துவாக்குடி
14 ஜூலை 2024

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு,

லாக் ஃபைல் கிடைத்தது. அம்புக்குறியைத் திருத்திவிட்டோம். நன்றி.

எங்கள் விமானத்துக்கு ஞாபகம் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எஞ்சின் எவ்வளவு தேய்ந்தது, எல்லாவற்றையும் வைத்திருக்கும். இப்படிப்பட்ட புகாருக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் வைத்தியம், 'புதிதாக்கு' என்ற பொத்தானை அழுத்துவது. எல்லாம் அழிந்து, கடையிலிருந்து வந்ததுபோல ஆகிவிடும்.

தாங்கள் அதை அழுத்த வேண்டாம்.

தங்கள் விமானத்தில் 212 மணி நேரம் பதிவாகியிருக்கிறது. தாங்கள் ஓட்டத் தொடங்கும் முன் கடைசியாகப் பறந்தது 3 செப்டம்பர் 2022. அதற்கு முன்னால் அநேகமாகத் தினமும், மாலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்திருக்கிறது. ஒரே வழிதான்: விமான நிலையம், மலைக்கோட்டை, காவிரி, ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு கிழக்கே வந்து துவாக்குடிக்கு மேல் ஒரு வட்டம். அப்புறம் திரும்பிவிடும். அப்பா இங்கே வந்து போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு கேள்வி. விமானம் சரியான சமநிலையில் பறக்க, எந்த இருக்கையில் எவ்வளவு எடை என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தங்கள் ஃபைலில் ஓட்டுபவர் 70 கிலோ. வலது இருக்கையில் 64. பின் இருக்கையில் 71. தனியாகப் பறக்கும் ஒருவர் மற்ற இரண்டையும் பூஜ்யம் என்று வைப்பார். இவை தாங்கள் போட்டவையா?

பிரஹலாத் ய.


ஸ்ரீரங்கம்
17 ஜூலை 2024

பிரஹலாதனுக்கு அநேக ஆசீர்வாதம்.

இந்தக் கடிதத்தில் 'ஐயா' போட என்னால் முடியவில்லை.

அந்த எண்கள் நான் போட்டவை அல்ல. 2022-இல் ரத்த அழுத்தத்துக்குப் பார்த்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். அப்போது என் எடை 64. பின் இருக்கை 71 யார் என்று நீயே சொல்லு.

ஐந்தே முக்கால் என்பது நான் பெருமாள் சேவிக்கக் கிளம்பும் நேரம். தினமும் வாசல்வரை வந்து, "மெதுவா வா, அவசரமில்ல" என்பார். என் முழங்காலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு பறந்திருக்கிறார். நேரில் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். "பொம்மை விமானம்" என்றுதான் சொல்லியிருப்பேன். உன் வேலையையும் அப்படித்தான் சொன்னேன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இதில் நீ சேர்ந்த அன்று, சமையல் உள்ளில் நின்று, இரண்டு முறை சொன்னேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஆவணி வளர்பிறை நவமி இந்த வருஷம் செப்டம்பர் 12, வியாழக்கிழமை. அப்பாவின் திவசம். போன வருஷம் நீ காவிரிக்கரையில் அம்மா மண்டபத்தில் செய்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாய் என்று திவசம் செய்துவைக்கும் வாத்தியார் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். இந்த வருஷம் அப்பாவின் வீட்டிலேயே நடக்க வேண்டும். வருவாயா?

அம்மா


துவாக்குடி
19 ஜூலை 2024

அம்மாவுக்கு நமஸ்காரம்.

நாற்பத்தெட்டு மணி நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் எப்படி வருவது? நான் ஜெர்மனியில் அல்லவா இருக்கிறேன்.

அப்பாவின் காரியங்கள் முடிந்து, சுபஸ்வீகாரத்தன்று கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். நீங்கள், "இவனுக்கு மத்தியானம் ஃப்ளைட். லீவே தரமாட்டான் ஜெர்மன்காரன்" என்றீர்கள். ஹம்ஸா மாமியின் ஆத்துக்காரர் உடனே கார் சாவியை எடுத்துவிட்டார். "நான் கொண்டு விடறேண்டா, ஏர்போர்ட் என்ன தூரமா?" என்றார். உங்களைப் பார்த்தேன். நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அவர் என்னை விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டுக் கையாட்டினார். கார் திரும்பும்வரை உள்ளே போகிறவன் மாதிரி நின்றேன். அப்பா போய்ப் பதின்மூன்று நாள். கையில் பை. அப்புறம் டோல்கேட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து துவாக்குடிக்கு ஒரு பஸ்.

நான் செய்வது பொம்மை வேலை என்று நீங்கள் நினைத்தது எனக்கு வருத்தமில்லை. பிரேசிலில் ஒருவர், நார்வேயில் ஒருவர், கண் தெரியாத மனைவிக்கு ஜன்னலில் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே பறக்கும் ஒரு கிழவர். எஞ்சின் நின்றால் இவர்களெல்லாம் எனக்குத்தான் எழுதுகிறார்கள். எனக்குப் போதும். ஆனால் இல்லாத ஒருவனை நீங்கள் பெற்றுக்கொண்டு, இருக்கிறவனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

திவசத்தை அம்மா மண்டபத்திலேயே செய்துகொள்கிறேன். எஞ்சினைத் தொடர்ந்து பார்க்கிறோம்.

பிரஹலாத்


ஸ்ரீரங்கம்
6 ஆகஸ்ட் 2024

பிரஹலாதனுக்கு,

பதினெட்டு நாட்களாக நான் எழுதவில்லை. பதினான்கு நாளில் புகார் தானே மூடிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாய். மூடட்டும், நானாகக் கேட்கப் போவதில்லை என்று இருந்தேன். இன்று திறந்து பார்த்தால், 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது. உங்கள் விதி வேலை செய்யவில்லை. இதையும் குறையாகப் பதிந்துகொள்ளவும்.

உன் கடிதத்தைப் பல முறை படித்துவிட்டேன்.

எஞ்சின் இப்போதும் நிற்கிறது. இருபத்தாறு முறை. புதிய லாக் ஃபைலை இணைத்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் நல்ல கூட்டம். ஹம்ஸா, "அங்கே இதெல்லாம் உண்டா?" என்று கேட்டாள். "ஆறு இருக்கு, பெருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, தொண்டை கட்டியதுபோல இருமினேன். உன் விமானம் மாதிரி.

அம்மா


துவாக்குடி
7 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு நமஸ்காரம்.

விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். புள்ளியும் ஒரு கடிதம்தான் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கீழே பாருங்கள், தெரியும்.

எஞ்சின் விஷயம். நசீரா என்று எங்களோடு ஒரு பெண் இருக்கிறாள். எஞ்சினுக்கான புரோகிராம் முழுவதும் அவள் எழுதியது. மூன்று வாரமாக உங்கள் ஃபைலை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் இருப்பவை மூன்று லீவர்கள். கறுப்பு, எஞ்சினின் சக்திக்கு. நீலம், முன்விசிறிக்கு. சிவப்பு, பெட்ரோலுக்கு. காவிரிக்கு மேலே கறுப்பைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும் என்று அப்பாவின் நோட்டில் இருக்கும். சரி. ஆனால் உங்கள் ஃபைலில் அதே நொடியில் நீலமும் சிவப்பும் அதே அளவு பின்னால் வருகின்றன. சிவப்பை இழுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும். நின்றுவிடும்.

லீவர் பெட்டியில் ஒயர் ஒன்றோடொன்று தொடுகிறது என்றாள். பிறகு, தன் புரோகிராமில்தான் தப்பு என்று ஒரு வாரம் தேடினாள். நேற்று வந்து, "அண்ணே, இருபத்தாறு தடவையும் மூணு லீவரும் ஒரு நூல் பிசகாம நிக்குது. ஒயர் கோளாறுன்னா இப்படியா இருக்கும்? உங்க கஸ்டமர் என்ன, ஸ்கேல் வெச்சா ஓட்டுறாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வெளியே போய் நின்றேன்.

அம்மா, நீ மூன்றையும் சேர்த்தா இழுக்கிறாய்? ஒன்று மட்டும் பின்னால் போனால் வரிசை கலைகிறது என்றா?

பிரஹலாத்


ஸ்ரீரங்கம்
8 ஆகஸ்ட் 2024

பிரஹலாதனுக்கு ஆசீர்வாதம்.

ஆம்.

கான்வென்ட்டில் பென்சில், ரப்பர், ஸ்கேல் மூன்றும் மேசையில் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் சிஸ்டர் பெனடிக்டா எங்களைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். ஒருநாள்கூட நான் ஏறியதில்லை. ஒரு லீவர் முன்னால், ஒரு லீவர் பின்னால் என்று கிடந்தால் எனக்குக் கை பரபரக்கும். உன் அப்பா தாறுமாறாகத்தான் வைத்திருந்தார். அவர் அலட்சியம் என்று நினைத்தேன்.

இன்று காலையில் கறுப்பை மட்டும் இழுத்தேன். மற்ற இரண்டையும் பார்க்காமல் இருக்க, அவற்றின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டேன். எஞ்சின் நிற்கவில்லை. காவிரியைத் தாண்டினேன். அட்டைப் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கிழக்கே திரும்பி, நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டே துவாக்குடிவரை வந்தேன். அங்கே உன் அறை எது என்று எனக்குத் தெரியாதே. உத்தேசமாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பினேன். இறங்கும்போது புல்லில் ஓடிவிட்டது. அது என் கைத்தவறு, புகாரில் சேராது.

நசீராவிடம் அவள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லு. அவளுடைய மூன்று வாரத்தை நான் வீணாக்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லு. எழுத்தில் வேண்டுமென்றால் தனியாக எழுதித் தருகிறேன்.

'தீர்ந்தது' என்ற பொத்தான் என் கண் முன்னால் இருக்கிறது. எஞ்சின் விஷயம் தீர்ந்துவிட்டது, உண்மை. ஆனால் நான் அழுத்தப் போவதில்லை.

அம்மா


துவாக்குடி
10 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு,

நசீரா சொல்லச் சொன்னது: "மன்னிப்பெல்லாம் வேணாம்மா. இனிமே சிவப்பு லீவரைத் தெரியாம இழுத்தா ஒரு எச்சரிக்கை மணி அடிக்கிற மாதிரி பண்ணிடறேன். உங்களால மத்தவங்களுக்கும் பிரயோஜனம்."

நீ வட்டமடித்தாயே, அங்கே பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். அதற்குத் தெற்கே இரண்டாவது மாடி. மாணவர்கள் தங்கும் விடுதிக்கு எதிர் வீடு. நீ வந்தது எட்டாம் தேதி காலை என்றால், நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பொத்தானை அழுத்தாதே.

பிரஹலாத்


ஸ்ரீரங்கம்
22 ஆகஸ்ட் 2024

பிரஹலாதனுக்கு ஆசீர்வாதம்.

நேற்று ஹம்ஸா வீட்டுக்குப் போனேன். நானாகப் போய் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. வழக்கமாக அவள்தான் இங்கே வருவாள். அவளும் அவள் ஆத்துக்காரரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். டம்ளரைத் தொடாமலே சொன்னேன்.

"ஹம்ஸா, பிரஹலாதன் ஜெர்மனில இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. துவாக்குடில இருக்கான். சிமுலேட்டர்ல விமானம் ஓட்டறவாளுக்குக் கோளாறு வந்தா சரிபண்ணிக் கொடுக்கறான். நான் பொய் சொன்னேன்."

அவள் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ஹம்ஸா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வேதா, கோச்சுக்காதே. இவர் அன்னிக்கு அவனை ஏர்போர்ட்ல விட்டுட்டு, பக்கத்துல பெட்ரோல் போட்டுண்டு திரும்பறார். டோல்கேட் பஸ் ஸ்டாப்புல பையும் கையுமா நிக்கறான் பிள்ளை."

"தெரியுமா உனக்கு? ரெண்டு வருஷமாவா?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"பின்னே எதுக்குடி மழையா வெயிலான்னு கேட்டே?"

"கேக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடுமேடி!"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர், "போன மாசம் தூறல்னு சொன்னேளாம். நான் போன்ல பாத்தேன் மாமி, அன்னிக்கு அங்கே நல்ல வெயில்" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். பொய் தெரிந்துபோனது கூடப் பரவாயில்லை. இரண்டு வருஷம் அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள். எனக்கு அதுதான் ஆறவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் அவளே காபியோடு வந்து, "நேத்திக்குக் குடிக்காம போனது" என்று வைத்தாள். குடித்தேன்.

அப்புறம் பால்காரர், பூக்காரி, வாத்தியார் என்று வரிசையாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். பூக்காரி, "துவாக்குடியாம்மா? கிட்டத்துலதானே? பஸ் இருக்கே" என்றாள். அவ்வளவுதான். இதற்கா நான் இத்தனை பாடுபட்டேன்?

வருவாயா என்று மறுபடியும் கேட்கமாட்டேன். ஒரு முறை கேட்டாயிற்று. நீ கூடத்தில் நின்று என்னைப் பார்த்ததும், நான் பாயைச் சுருட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன்னைப் பார்க்கக் கூடாது என்றுதான் சுருட்டினேன். அது தப்பு.

அம்மா


துவாக்குடி
24 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு நமஸ்காரம்.

பதினொன்றாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் கிளம்புகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்துவிடுவேன். ஹம்ஸா மாமியின் ஆத்துக்காரரைக் கார் எடுக்க வேண்டாம் என்று சொல்லு.

வேஷ்டி என்னிடம் இருக்கிறது. எள், தர்ப்பை எல்லாம் வாத்தியாரே கொண்டுவரட்டும். நீ முழங்காலோடு அலையாதே.

நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். அதுவரை வரும் புகார்களுக்கு நசீரா பதில் போடுவாள். யாருக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம் தவறாது.

உன்
பிரஹலாத்


ஸ்ரீரங்கம்
16 செப்டம்பர் 2024

பெறுநர்: வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, துவாக்குடி
பொருள்: புகார் எண் 4417 (செப்டம்பர் 6-ஆம் தேதிப் புள்ளி கிடைத்தது; புகார் திறந்தே இருக்கிறது)

பிரஹலாதனுக்கு அநேக ஆசீர்வாதம்.

நீ பஸ் ஏறி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒன்று, திவசத்தன்று சாதத்தில் விட்ட சாத்தமுது கொஞ்சம் புளிப்பு அதிகம். நீ சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாய். அடுத்த முறை சொல்லு.

நாலு நாளும் உன் செருப்பு வாசலில் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே கிடந்தது. நான் தொடவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

நாம் இருவரும் சேர்ந்து பறந்தபோது, நான் இறக்கியது நன்றாக இருந்தது என்றாய். சக்கரம் மூன்று முறை குதித்தது. வாடிக்கையாளர் என்பதற்காக முகஸ்துதி வேண்டாம்.

இன்று காலை எடைகளைத் திருத்த உட்கார்ந்தேன். பொய் எண் இருந்தால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும் என்று நீதானே சொன்னாய். நான் இப்போது 58 கிலோ. வலது இருக்கையில் 64-ஐ அடித்துவிட்டு 58 என்று போட்டேன். ஓட்டுவது நான்தானே, இடது இருக்கை அல்லவா என்று நீ கேட்பாய். இடது இருக்கையில் 70 என்று இருப்பதை மட்டும் மாற்றவில்லை. அந்த ஒரு எண் அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தால் நான் பிடித்துக்கொள்கிறேன்.

பின் இருக்கை. ஹம்ஸா வீட்டு மெஷினில் ஏறி நின்றாயே, 66 காட்டியது. இரண்டு வருஷத்தில் ஐந்து கிலோ. உண்மையைப் போட வேண்டும் என்பதால் 66 என்றே போட்டிருக்கிறேன். போடும்போது எனக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு வா. பொங்கலுக்குள் அது 71 ஆக வேண்டும். ஆகும்வரை இந்தப் புகாரை மூடக் கூடாது. எழுத நேரமில்லாத வாரத்தில் ஒரு புள்ளி வை, போதும்.

அம்மா